மலையோ கூடையோ

தேவராசா பிடிவாதக்காரன். அந்தக் காசில் இருப்பது மலை என்றான். நான் கூடை என்றேன். இதற்காகவே ஞாயிறுதோறும் அரியாலையிலிருந்து பஸ் ஏறி உடுப்பிட்டிக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். என் மனைவி காலமானபிறகு என்னோடு சண்டை பிடிக்க உலகத்தில் வேறு ஆள் இருக்கவில்லை.

இருவரும் பழைய ரோமக் காசு சேர்ப்பவர்கள். ரோமில் அடித்தவை அல்ல. அதன் ஆட்சியிலிருந்த தூரத்து நகரங்கள் தங்கள் பாட்டுக்கு அடித்த செப்புக் காசுகள். அவன் மருமகன் லண்டனிலிருந்து கொண்டுவந்த ஒன்றைக் களிம்பு மூடியிருந்தது. நடுவில் ஒரு குவியல் மட்டும் தெரியும்.

"இது செசாரியாவின்ரை மலையடாப்பா," என்பான்.

"நீ எங்கை மலையைக் கண்டனி, பேரிலை மட்டும் மலையுள்ள கீரிமலையிலையோ? இது அலெக்சாந்திரியாவின்ரை தானியக் கூடை."

சுரண்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். களிம்பை எடுத்தால் பழங்காசு செத்துப்போகும் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். எனக்கென்றால் சண்டை முடிந்துவிடுமே என்ற பயம்தான்.

போன மாதம் மாரடைப்பில் தேவராசா போய்விட்டான். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்குப் பிறகு வந்த ஞாயிறு, பழக்கத்தில் பஸ் ஏறிவிட்டேன். அவன் மனைவி ஞானாம்பிகை தேநீர் தந்துவிட்டு, ஒரு தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். காசுகள் எல்லாம் புதுச் செம்புபோல் மினுங்கின.

"அந்தியேட்டிக்கு விளக்கு மினுக்கேக்கை உதுகளையும் புளி போட்டுத் தேய்ச்சனான் அண்ணை. நீங்கள் வருவியள் எண்டு."

ஐயோ கடவுளே! கோபம் தலைக்கேறியது. ஏச வாயைத் திறந்தேன். பிள்ளைகள் கனடாவுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தப் பெரிய வீட்டில் தனியே இருந்து ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் காசைத் தேடி எடுத்தேன். சரிவு, பாறை, உச்சியில் ஒரு நட்சத்திரம். கூடைக்கு மேல் எவன் நட்சத்திரம் வைப்பான்?

தோற்றுவிட்டேன். அவன் இருந்திருந்தால் துள்ளி எழும்பி ஊரைக் கூட்டியிருப்பான். ஒருக்கா நக்கலடியடா பாவி என்று அவன் வழக்கமாக உட்காரும் கதிரையைப் பார்த்தேன்.

"என்ன அண்ணை, மலையோ கூடையோ?"

"இன்னும் வடிவாத் தெரியேல்லை, தங்கச்சி."

ஞானாம்பிகை காசை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அவர் அப்பவே சொன்னவர். காசிலை மலையெண்டு எழுதியிருந்தாலும் உவன் ஒத்துக்கொள்ளமாட்டான் எண்டு."

"கூடைதான்," என்றேன். சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது.