மண்டோருக்கு ஒரு மண்டோர்

1.

இந்தக் கதை ஒரு கவரிலிருந்து வந்தது. கவர் நான் ஓட்டும் காரில், முன்கண்ணாடிக்குக் கீழே கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். படித்தது ஆறாம் வகுப்பு. தப்பு இருந்தால் இருக்கட்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜார்ஜ்டவுனில் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில்..."

அடித்துவிட்டேன். மழை பெய்யவில்லை. பெய்யாத மழையை எழுதுகிறவனை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்பாதீர்கள்.

அடுத்து: "நான் ஒரு தப்புச் செய்தேன்."

அதையும் அடித்தேன். 'நான்' என்று எழுதினால் கை தானாகச் சாக்குச் சொல்ல ஓடுகிறது. அதனால் எனக்குப் பிச்சைமுத்து என்று பெயர் வைத்து, 'அவன்' என்று எழுதப் போகிறேன். அவன்மேல் எனக்கு இரக்கம் கிடையாது.

2.

பிச்சைமுத்துவுக்கு வயது அறுபத்தெட்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்கினான், பிறகு கிரேனுக்குக் கைகாட்டினான். இப்போது மனநல ஆலோசனை நிலையம் ஒன்றில் கார் ஓட்டுகிறான். மனம் நொந்தவர்கள் அங்கே வந்து பேசுவார்கள். ஐந்து ஆலோசகர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அந்த ஐந்து பேருக்குள் சேர்வதை ரமணி என்கிற அம்மா கேட்பார். ரமணிதான் அவர்களுக்குச் சூப்பர்வைசர். பிச்சைமுத்து பாஷையில், மண்டோர்.

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இந்த மண்டோரை ஏற்றிக்கொண்டு தீவிலிருந்து கடல்பாலம் தாண்டிச் சுங்கை பாக்காப் என்ற ஊருக்குப் போக வேண்டும். அங்கே கண்ணம்மை என்று ஒரு அம்மா. முன்பு ரமணி செய்யும் வேலையையே செய்தவர். இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். பிச்சைமுத்து வெளியே ரம்புத்தான் மரத்தடியில் கொசுவை அடித்துக்கொண்டிருப்பான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் கதை எடுப்பாக இருக்கும். எழுத மாட்டேன்.)

அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போகும்போது ரமணி பின்சீட்டில் ஏறுவார். பையை மடியில் இறுக்கிக்கொண்டு, பாலத்தில் ஏறினாலும் கடலைப் பார்க்காமல் வருவார். திரும்பும்போது முன்சீட்டில் ஏறுவார்.

"அண்ணே, முட்டி எப்படி இருக்கு?"

"இருக்குற இடத்துலதான் இருக்கு."

"தைலம் தடவுறீங்களா இல்லையா? பொய் சொல்லாதீங்க லா."

"மூடி தெறக்க மாட்டேங்குது."

"குடுங்க, நான் தெறக்குறேன். சாக்கு சொல்றதுல உங்கள மிஞ்ச ஆளில்ல."

போகும்போது பின்சீட்டு, வரும்போது முன்சீட்டு. மாதாமாதம் இதைப் பார்த்த ஒரே ஆள் பிச்சைமுத்து. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

3.

நிலையத்தின் நிர்வாகி சொக்கநாதன். [இவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்ல மனுஷர்.] ஜனவரியில் ஒரு நாள் பேன்ட்ரியில் பால் விடாத தே ஓ கலக்கிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, மாசத்துல அந்த ஒரு வியாழக்கிழமை காரும் இல்ல, நீங்களும் இல்ல. அவசரத்துக்கு ஒருத்தர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியல. அங்க என்னதான் நடக்குது?"

அன்றைக்கு முட்டி வலி. பேசினால் மனசு ஆறும் என்பதில் பிச்சைமுத்துவுக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை.

"என்ன நடக்குது? ரெண்டு பொம்பளைங்க கதவச் சாத்திக்கிட்டுக் கதை பேசுறாங்க. மண்டோருக்கு எதுக்கு சார் இன்னொரு மண்டோர்? அப்புறம் அந்த மண்டோருக்கு யாரு மண்டோர்? இப்படியே போனா சிங்கப்பூர் வரைக்கும் நான் கார் ஓட்டணும்!"

பேன்ட்ரியே சிரித்தது. ஆலோசகர்களில் சின்னவளான காமினிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் எடுக்க வந்த ரமணியும் வாசலில் நின்று சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அடுத்த மாதம் பயணம் நின்றது. போனில் பேசிக்கொள்ளலாமே என்றார் சொக்கநாதன். இரண்டு தடவை பேசினார்கள். இரண்டு தடவையும் நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது.

(துறைமுகத்தில், கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் அடிவயிறு தெரியாது. மேலே நின்று கைகாட்டுகிறவன்தான் அவனுக்குக் கண். கைகாட்டுகிறவனின் கண் அசந்துபோனால் அது அவனுக்கே தெரியாது. அதைக் கவனித்து அவனை மாற்றிவிட ஒருத்தன் பின்னால் நிற்பான். பிச்சைமுத்து பதினோரு வருஷம் அப்படிக் கைகாட்டியவன். பின்னால் ஆள் நிற்காத ஒரு நாள், சுமை பாதியில் தொங்கும்போது...

வேண்டாம். அது இன்னொருத்தன் கதை. ஆனால் பின்னால் ஒரு ஆள் வேண்டும் என்பது பிச்சைமுத்துவுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.)

4.

ஏழு மாதம் முட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. காமினி வேலையை விட்டுவிட்டுப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறாள் என்று மட்டும் கேள்விப்பட்டான்.

நேற்று மத்தியானம் ரமணி காருக்கே வந்து கவரை நீட்டினார்.

"இத சார்கிட்ட குடுத்துடுங்கண்ணே. நேர்ல குடுத்தா அழுதுடுவேன்."

"என்னம்மா இது?"

"வேலைய விடுறேன். காமினி எங்கிட்ட வந்து, 'என்கிட்ட வர்றவங்க கதை என் கூடவே வீட்டுக்கு வருது, சோறு எறங்கல'ன்னு சொன்னா. நான் தலையாட்டிட்டு, அடுத்த வாரம் அவங்களுக்கு எத்தன மணிக்கு நேரம் குடுத்திருக்கன்னு கேட்டிருக்கேன். அந்தப் புள்ள சொன்னது என் காதுலயே விழல அண்ணே. விழலங்குறதே அவ போனப்புறம்தான் தெரிஞ்சுச்சு."

இதற்குப் பிச்சைமுத்து என்ன சொன்னான் என்று ஐந்து தடவை எழுதினேன். ஐந்தும் நன்றாக இருந்தன. ஐந்தையும் அடித்தேன்.

அவன் சொன்னது, "சரிம்மா."

கவரை வாங்கிக்கொண்டான்.

5.

இனி முடிவு.

கவரைக் கிழித்துக் கடலில் போடுகிறான். இது சினிமா. ரமணிக்கு இன்னொரு கடிதம் எழுதத் தெரியாதா?

கண்ணம்மை அம்மாவே நேரில் வந்து நிற்கிறார். வர மாட்டார். கண் ஆபரேஷன் ஆனவர், வண்டி ஓட்டக் கூடாது. அதனால்தானே நாங்கள் போனோம்.

அதே பேன்ட்ரியில், அதே ஆட்கள் முன்னால் நின்று பிச்சைமுத்து சொல்கிறான்: "போறப்ப பின்சீட்டு, வர்றப்ப முன்சீட்டு. நான் பாத்தேன். பாத்துக்கிட்டுதான் அன்னைக்கு உங்களச் சிரிக்க வச்சேன்." இது நடக்கக்கூடியது. ஆனால் இதைக் கேட்டுக் காமினி திரும்பி வர மாட்டாள். ரமணி நிற்பாரா, தெரியாது. மறுபடியும் சிரித்தாலும் சிரிப்பார்கள்.

சொக்கநாதனின் கார் உள்ளே வருகிறது. வெயில் பட்டுக் கவர் சுடுகிறது. ஒரு கையில் கவர், மடியில் இந்த நோட்டு. பிச்சைமுத்து எழுதுவதற்கு உதவினான், இறங்குவதற்கு உதவ மாட்டான். இறங்க வேண்டியது நான்.

கதவைத் திறந்துவிட்டேன். ஒரு காலைத் தரையில் ஊன்றியிருக்கிறேன். முட்டி வலிக்கிறது.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னை ரொம்ப நல்லவனாக எழுதிவிடாதீர்கள்.