உயிருள்ள பொடி

எனக்குக் கிருமி என்றால் ஆகாது. ஆகக் கூடாது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷ சர்வீஸ். காலையில் சிந்தாதிரிப்பேட்டைச் சந்துகளில் குழாய் குழாயாகப் போய், குழாயின் வாயைத் தீயில் சுட்டு, சுத்தம் செய்த பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவேன். அதைக் கதகதப்பான இன்குபேட்டர் பெட்டியில் வைத்து, மறுநாள் என்னென்ன கிருமி வளர்ந்திருக்கிறது என்று பார்ப்போம். வீட்டிலும் குடிக்கிற தண்ணீர் கடிகாரம் பார்த்து இருபது நிமிஷம் கொதித்தாக வேண்டும். மயிலாப்பூரில் எங்கள் உறவுக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் குளோரின் மாமா. நான் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில், கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டாகியிருந்த என் மனைவி விசாலாக்ஷிக்கு ஏழாம் மாதமே வலி வந்துவிட்டது. அபிராமபுரத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோ நூறு கிராம். என் உள்ளங்கையும் நாலு விரலும் போதும், அவள் முதுகு அடங்கிவிடும்.

அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அதற்கும் இன்குபேட்டர் என்றுதான் பெயர். அதே கதகதப்பு. அந்தச் சூட்டில் எது எவ்வளவு சீக்கிரம் வளரும் என்று தினமும் பார்க்கிறவன் நான். விசாலம் மாடி அறையில் தையல் வலியோடு பாலைப் பிழிந்து கொடுப்பாள். நர்ஸ் ஐரின் அதை வாங்கிவந்து, மூக்கு வழியாகப் போட்ட குழாயில் ஒரு மில்லி, ஒரு மில்லியாக விடுவாள்.

மூன்றாம் நாள் குழந்தை டாக்டர் தங்கம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேஜையில் ஒரு சின்ன பாக்கெட்டும் ஒரு காகிதமும் இருந்தன.

"இது ஒரு பொடி சார். இதுல உயிரோட இருக்கற நல்ல கிருமி இருக்கு. தயிர்ல இருக்கே, அந்த ஜாதி. குறைமாசக் குழந்தையோட குடல் காலி வீடு மாதிரி. கெட்டது குடிவர்றதுக்குள்ள நல்லதைக் குடிவெச்சிடலாம்னு பாக்கறோம். குடல் அழுகற வியாதி ஒண்ணு இந்தக் குழந்தைங்களுக்கு வரும். அது குறையலாம். புதுசுங்கறதால பெத்தவங்க கையெழுத்து வேணும்."

"பாக்கெட்டுல வேற எந்தக் கிருமியும் இல்லைன்னு டெஸ்ட் பண்ணியிருக்கேளா?"

"நான் பண்ணலை. கம்பெனி பண்ணியிருக்கும்."

"ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தேளா? ஒரு பாக்கெட்டுல எத்தனைன்னு எண்ணினது யாரு?"

இப்படி ஏழெட்டுக் கேள்வி கேட்டேன். ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி, இன்றைக்கும் சொல்கிறேன். பாதிக்கு அவரிடம் பதில் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற டாக்டர் அவர். அதை மரியாதையாக எடுத்துக்கொள்ளாமல், ஆளை மடக்கிவிட்டதாக எடுத்துக்கொண்டேன். ஊரெல்லாம் துரத்திப் பிடிக்கிற ஜந்துவை என் குழந்தைக்கு நானே ஊட்டுவதா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். அந்த அறையில் ஜெயித்தது நான்தான்.

ஐரின் வராந்தாவில் பின்னாலேயே வந்தாள்.

"சார், நான் நாலு வருஷமா இந்த வார்டுல இருக்கேன். குடுத்த குழந்தைங்க நல்லாத்தான் போச்சுங்க. இன்னொரு தடவை யோசிங்க சார்."

"உன் வேலையைப் பாரும்மா," என்றேன்.

விசாலத்திடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆபரேஷன் ஆன உடம்பு, எதற்குக் குழப்ப வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் நாள் குழந்தையின் வயிறு உப்பியது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. விட்ட பால் பச்சையாகத் திரும்பி வந்தது. மறுநாள் துணியில் ரத்தம். டாக்டர் பாலை நிறுத்தினார், மருந்து ஏற்றினார், அறுவை டாக்டரையும் வரவழைத்தார். இத்தனை சின்ன உடம்பில் கத்தி வைக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். ஒன்பதாம் நாள் காலை அவள் போய்விட்டாள். பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் செய்து பெயர் வைப்பதாக இருந்தோம். கேஸ் ஷீட்டில் விசாலாக்ஷி பேபி என்று எழுதியிருந்தது. அதுதான் அவளுக்குக் கிடைத்த பெயர்.

"அந்தப் பொடியைக் குடுத்திருந்தா?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"குடுத்திருந்தாலும் வந்திருக்கலாம் சார். குடுக்காத எத்தனையோ குழந்தைக்கு வர்றதில்லை. எனக்குத் தெரியாது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் குழி தோண்டி அவளை வைத்துவிட்டு வந்தேன். விசாலத்தை வீட்டுக்கு அழைத்துவந்த பிறகும் அவளுக்குப் பால் நிற்கவில்லை. அவள் அக்கா வந்து மல்லிகைப்பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள். அப்படிக் கட்டினால் வற்றிவிடும் என்பார்கள். வீடெல்லாம் பூ வாசனை.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொடி, காகிதம், நான் கேட்ட கேள்விகள், ஐரினிடம் பேசிய பேச்சு. ஒன்றையும் விடவில்லை. அவள் என்னை அடித்தாலும் சரி, அக்கா ஆத்துக்குப் போய்விட்டாலும் சரி என்று தயாராகத்தான் இருந்தேன்.

"நேக்குத் தெரியும்," என்றாள். "ஐரின் அன்னிக்கே மாடிக்கு வந்து சொல்லிட்டா."

"என்ன சொன்னா?"

"அம்மா கையெழுத்தும் போறும்னா. பேப்பரை என் தலைமாட்டுலயே வெச்சுட்டுப் போனா. மறுநா காலம்பற வரைக்கும் அங்கேயே இருந்தது. பேனாவும் இருந்தது."

"நீ என்ன பண்ணினே?"

"நேக்குக் குடுக்கணும்னுதான் தோணித்து. ரெண்டு தடவை பேனாவைக் கையில எடுத்தேன். ஆனா கிருமியைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா, நீங்க வேண்டாம்னா காரணம் இருக்கும்னு இருந்துட்டேன்."

மார்புத் துணி நனைந்திருந்தது. அதைத் தளர்த்தி மறுபடி இழுத்துக் கட்டிக்கொண்டாள். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"இனிமே அப்படி இருக்க மாட்டேன்," என்றாள்.