கோட் நிறுக்கும் மடுவம்

ராகலையில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் மென்பொருள் கம்பெனி ஒன்றைத் திறந்தார்கள். திறந்ததோடு விட்டார்களா? புரோகிராம் எழுதும் எங்களை வேலை வாங்க யாரைப் போடுவது என்று கொழும்பு முதலாளி யோசித்து யோசித்து, தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்காக இருந்து ஓய்வுபெற்ற செல்லசாமி ஐயாவைப் போட்டுத் தொலைத்தார். கம்ப்யூட்டரில் ஐயாவுக்குத் தெரிந்தது சுவிட்ச் மட்டும்தான். ஆனால் மலையில் ஆட்களை மேய்த்த அனுபவம் இருக்கிறதே, அது எக்கச்சக்கம்.

காலையில் பெரட்டு. மழையோ பனியோ, வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். மாலையில் நிறுவை. அன்றைக்கு எழுதிய கோட் முழுவதையும் அச்செடுத்து, கொழுந்துப் பையில் போட்டு, முன்பு கொழுந்து நிறுத்த கொட்டகையான மடுவத்துத் தராசில் தொங்கவிட வேண்டும். பைக்கென்று எடையில் ஒரு கழிவு. ராகலைப் பனியில் தாள் நமத்துப்போகும் என்பதால் தண்ணீருக்கு ஒரு கழிவு. எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள்தான் வேலை செய்ததாகக் கணக்கு.

நான் நிலக்ஷி. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, சீனியர் ஆவது. ஜூனியர் அடுத்தவன் எழுதியதற்கு ஒட்டுப்போடலாம், அவ்வளவுதான். சீனியர் ஆனால் ஒரு புரோகிராமை முதல் வரியிலிருந்து நானே எழுதலாம் என்று நம்பி வருடக்கணக்காகக் காத்திருந்தேன். பக்கத்து மேசை கிஷாந்துக்கு அந்தக் கவலையே கிடையாது. எழுதிய ஒன்றையே பத்து இடத்தில் ஒட்டி, பெரிய எழுத்தில் அச்செடுத்து, தினமும் தராசை முறிக்கப் பார்ப்பான்.

"என்னாத்த எழுதுறோங்கிறது முக்கியமில்லக்கா. எட நிக்கணும்" என்பான், பாவிப்பயல்.

ஒருநாள் லண்டன் ஹோட்டல்காரர் ஒருவருக்கு நாங்கள் செய்துகொடுத்த முன்பதிவுப் புரோகிராம் படுத்துவிட்டது. ஒரே அறையை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து, கிஷாந்த் ஒட்டிவைத்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். பட்டென்று எழுந்து ஓடியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மாலையில் என் பையில் ஒற்றைத் தாள் கிடந்தது. தராசு முள் அசையவே இல்லை.

"என்னா புள்ள இது? காலையிலேருந்து என்னாத்த கிழிச்ச?" என்றார் ஐயா.

"அழிச்சேங்கய்யா. வேண்டாததையெல்லாம் அழிச்சுட்டேன்."

"அழிச்சியா!" ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "கம்பெனிக் கொழுந்த அழிச்சுப்புட்டு, அத எங்கிட்டயே வந்து சொல்றியா?"

அரைப்பேர்கூடக் கிடைக்கவில்லை. வந்த ஆத்திரத்தில் அந்தத் தராசைத் தூக்கி ஆற்றில் வீசியிருப்பேன். எங்கே வீச, மூலையில் போய் நின்று அழுதேன்.

மறுநாள் ஹோட்டல்காரர் முதலாளியைக் கூப்பிட்டு என்னைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். முதலாளி உடனே செல்லசாமி ஐயாவைக் கூப்பிட்டிருக்கிறார். பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் என் கழுத்தில் மாலை விழுந்தது.

"இன்னையிலேருந்து நிலக்ஷி சீனியர்!" என்றார் ஐயா.

மாலையைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு ஓடினேன். மேசை காலி. கூட்டிப் பெருக்கும் லெட்சுமி அக்கா என் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"ஐயா, என் கம்ப்யூட்டரு?"

"சீனியருக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டரு? கங்காணி கொழுந்து எடுத்து எங்கயாச்சும் பாத்திருக்கியா? நீ இனிமே தராசப் புடிச்சா போதும்."

பிடித்தேன். நாள் முழுக்கச் சும்மா நின்று, மாலையில் அடுத்தவர் எழுதியதை நிறுத்தேன். ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் கைகுலுக்கினார்கள். எனக்கோ விரல் பரபரத்தது.

கொஞ்ச நாளில் அதே புரோகிராம் மறுபடியும் படுத்தது. கிஷாந்த் மறுபடியும் ஒட்டியிருந்தான். ஹோட்டல்காரர் போனில் கத்துகிறார், கிஷாந்த் முழிக்கிறான். எந்த வரி என்று நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய் விசைப்பலகையில் கை வைக்கப் போனேன். ஐயா என் கையைத் தட்டிவிட்டார்.

"சீனியர் கை வைக்கக் கூடாதும்மா. மரியாத போயிரும்."

"அப்ப என்னைய மறுபடி ஜூனியராவே போட்டுருங்கய்யா! கும்புட்டுக் கேக்குறேன்."

ஐயாவுக்கு உண்மையிலேயே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. தோளில் தட்டிக்கொடுத்தார்.

"அது முடியாதும்மா. அதுக்கு நீ நல்லா வேல செஞ்சிருக்கக் கூடாது."