பெட்டிக்குள் ஒரு துண்டு

“பெரியவாப்பா, ஒராள் விளையாடி முடிச்ச சீடியை இன்னொராள் விளையாடினா முதல் ஆளுக்கு என்ன குறையும்?”

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஏழு வயது இன்ஷிரா கடை மேசையில் ஏறி இருந்துகொண்டு கேட்டது. இறந்த தன் அண்ணன் ஸுஹைர் நானாவின் மையித்துக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த அஷ்பாக்குக்கு மகளின் அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

“மெதுவா ஊத்துங்க தம்பி, அந்தக் கையில புண் இரிக்கு” என்றார் குளிப்பாட்டிய லெப்பை.

இரண்டு வருடமாக இரத்தம் சுத்திகரிக்க ஊசி ஏறிய கை. அந்தக் கையின் பெருவிரலில் இருந்த காய்ப்பு மட்டும் அப்படியே இருந்தது. கேம் விளையாடி விளையாடி வந்த காய்ப்பு. ஸுஹைர் நானா முப்பத்தொன்பது வயதில் மௌத்தானார். திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் அவரைத் தெரியாத விளையாட்டுக்காரன் இல்லை.

அவருடைய கடையில் புதுச் சீடி குறைவு. முடித்ததைக் கொண்டுவந்து கொடுத்து, மேலே கொஞ்சம் காசு வைத்து, வேறொன்றை எடுத்துப் போவார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள், கிண்ணியாவிலிருந்து வரும் படிக்கிற பிள்ளைகள், சல்லிக் கடற்கரைக்காரர்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நானா ஒரு துண்டுத் தாளை மடித்து வைத்திருப்பார். விளையாடி முடித்தவர் அதில் பெயரும் ஊரும் எழுதி, அடுத்து வருகிறவருக்கு ஒரு வரியும் எழுத வேண்டும். “மூன்றாவது பாலத்துக்குக் கீழே ஆள் நிற்கிறான், கவனம் – சஜீத், மூதூர்.” சில பெட்டிகளில் தாள் நிரம்பி இரண்டாவது தாள் ஒட்டியிருக்கும்.

பிறகு பூட்டுக் கேம்கள் வந்தன. பெட்டிக்குள் ஒரு இலக்கம் வரும். எந்தக் கேம் மெசினில் முதலில் அதைப் பதிகிறோமோ, அதற்குப் பிறகு அந்த மெசினில் மட்டும்தான் கேம் திறக்கும். வேறு வீட்டுக்குப் போனால் வெறும் வட்டத் தகடு. கைமாற்றி விற்பதைத் தடுக்கக் கம்பனிக்காரர்கள் செய்த வேலை. அன்று இன்ஷிரா கேட்ட கேள்விக்கு நானா, “ஒண்டும் குறையாது மகள். அதுதான் எனக்கும் விளங்குதில்ல” என்றார். அப்படியான பெட்டிகளில் சிவப்புப் பொட்டு ஒட்டி, கேட்டு வருகிறவர்களிடம், “இதை வாங்காதீங்க, பிறகு மாத்த ஏலாது” என்று தானே சொல்லுவார். மாற்ற வந்தவர்கள் குறைந்தார்கள். பலர் விளையாட்டையே விட்டார்கள். துண்டுகளில் புதிய பெயர்கள் ஏறவில்லை.

நானா படுக்கையில் விழுந்த பிறகு கடை அஷ்பாக்கின் கைக்கு வந்தது.

கார்த்திகையில், கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிய வாரம், சல்லி யோகலிங்கம் வந்தார். ஐம்பது வயது மீனவர். புயல் கடலில் இழுவைக் கப்பல் ஓட்டுகிற புதுக் கேம் ஒன்றைக் கேட்டார்.

“கடலுக்குப் போகாத நாளிலயும் கடலா அண்ணை?”

“இதில டீசல் செலவில்லையே தம்பி!”

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அஷ்பாக் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தான். அதில் சிவப்புப் பொட்டு இல்லை. இருந்ததை முதல் நாள்தான் நகத்தால் சுரண்டியிருந்தான். கட்டாரிலிருந்து தான் கொண்டுவந்த மெசினில் அந்த இலக்கத்தைப் பதிந்து, நான்கு நாள் விளையாடி முடித்ததும் அவன்தான். தெரிந்துதான் விற்றான்.

மூன்றாம் நாள் மழையில் நனைந்தபடி யோகலிங்கம் திரும்பி வந்தார்.

“தம்பி, இது வேற ஆரோ முதலே பதிஞ்சதாம். திறக்கேல்ல.”

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். ஓம் என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அஷ்பாக் வேறு கதை கதைத்தான்.

“நீங்கதான் பதிஞ்சிருப்பீங்க அண்ணை. விளையாடி முடிச்சிட்டு இப்ப மாத்த வந்து நிக்கிறீங்க. இல்லாட்டி வலை இழுக்கிற கையால எதையாவது மாத்தி அமத்தியிருப்பீங்க.”

ஒருவன் சிரித்தான். யோகலிங்கம் தன் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, குடையை விரிக்காமலே மழைக்குள் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவில்லை.

மையித்தைக் கபன் துணியில் சுற்றி முடித்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து நானாவின் மனைவி றஹ்மா கூப்பிட்டார்.

“தம்பி, எங்களுக்கு ஆம்பிளப் பிள்ளை இல்ல. பள்ளிவாசல்ல நீங்கதான் எழும்பி, கடன்காரர் இரிக்காங்களா எண்டு கேக்கோணும். பயப்படாமக் கேளுங்க. உங்கட நானா ஒருத்தருக்கும் குறை வைக்கல்ல.”

“சரி மதினி” என்றான்.

பள்ளி முற்றத்தில் மையித்தைச் சுமந்து வந்த சந்தூக்கை இறக்கினார்கள். தொழுகைக்கு முன்பு மௌலவி அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அஷ்பாக் எழுந்து திரும்பினான். வரிசைகளுக்கு அப்பால், வாசல் படலையடி வேம்பின் கீழ், நானாவின் தமிழ்ச் சிநேகிதர்கள் நின்றார்கள். அவர்களோடு யோகலிங்கமும் நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பொலித்தீன் பை.

“என்ட நானா ஸுஹைர்…” மீண்டும் தொடங்கினான். “என்ட நானா உங்களில ஆருக்காவது குடுக்கவேண்டியது இருந்தா என்னட்டக் கேளுங்க, நான் பொறுப்பு. அவரால ஆருக்காவது மனம் நொந்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க.”

காகம் ஒன்று மதிலில் வந்து இருந்தது. கடை, மழை, சிரித்தவன் எல்லாம் இந்த முற்றத்தில் இப்போது எழுந்து நிற்கப்போவதாக அஷ்பாக்குக்குத் தோன்றியது.

யோகலிங்கம் கையை உயர்த்தினார்.

எல்லோரும் திரும்பினார்கள். அஷ்பாக் சந்தூக்கின் காலைப் பிடித்துக்கொண்டான்.

“அவர் எனக்கு ஒண்டும் தரக் கிடக்கேல்ல” என்றார் யோகலிங்கம். சபைக்கு முன்னால் பேசிப் பழகாத குரல். “நான்தான் அவருக்குக் குடுக்கக் கிடக்கு. ஒரு சீடி. பிறகு குடுக்கிறன் தம்பி, நீங்கள் தொழுகையைப் பாருங்கோ.”

“அது போதும்” என்றார் மௌலவி மெதுவாக. வரிசைகள் நேராகின.

மையவாடியில் மண் போட்டு முடித்து எல்லோரும் கலைந்த பின்பு, யோகலிங்கம் வாசலில் காத்திருந்தார். பையிலிருந்து பெட்டியை எடுத்தார். நானாவின் வீட்டு அலுமாரியில் இருந்த பழைய மீன்பிடிக் கேம். பூட்டு வருவதற்கு முந்திய காலத்துச் சீடி.

“ஆஸ்பத்திரியில பார்க்கப் போனனான். என்ன அண்ணை, மாரிக்கு என்ன விளையாடுறீங்கள் எண்டு கேட்டார். அப்ப வீட்டுக்குச் சொல்லி இதை எடுத்துத் தரச்சொன்னவர். திருப்பிக் குடுக்கமுந்தி…” அவர் முடிக்கவில்லை.

“அந்த மற்றக் கேம்… அதைப் பற்றி நானாட்ட…”

“சரிவரேல்ல எண்டு மட்டும்தான் சொன்னனான். வருத்தக்கார மனிசனுக்கு வேற என்னத்துக்கு?” அவன் தோளை ஒருமுறை தொட்டார். “சாப்பிடுங்கோ தம்பி. நேற்றிலயிருந்து ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டியள்.”

சொல்ல வேண்டியது அஷ்பாக்கின் வாய்வரை வந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. பஸ் வராவிட்டாலும் சொல்லியிருப்பானா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தான். துண்டில் பதினாறு பெயர்கள். முதலாவது நானாவின் எழுத்து. கடைசியில், பழக்கமில்லாத பெரிய எழுத்தில்: “வலையைக் கெதியா இழுக்கக்கூடாது. மீன் தானா வரும் – யோகன், சல்லி.”

நாலாம் நாள் கடல் அடங்கிவிட்டது. மாரிக்குப் பிறகு முதன்முதலாக வள்ளங்கள் இறங்கியிருந்த காலையில், அஷ்பாக் மோட்டார் சைக்கிளில் சல்லிக்குப் போனான். கரையில் ஆட்கள் இல்லை. யோகலிங்கத்தின் வள்ளத்து இலக்கம் எழுதிய ஓலை வாடிக்குக் கதவும் இல்லை. உள்ளே காய்ந்த வலை, இரண்டு மிதப்புகள், ஒரு பழைய கதிரை.

அவன் பையிலிருந்து தன் கட்டார் மெசினை எடுத்தான். இழுவைக் கப்பல் கேம் திறக்கிற ஒரே மெசின் அது. உப்புக்காற்றுப் படாமல் இரண்டு பொலித்தீனால் சுற்றியிருந்தான். கதிரையில் வைத்தான். கூரையில் ஓட்டை தெரிந்தது. எடுத்து, வலைக்கு மேலே, நனையாத பலகையில் வைத்தான்.

யோகலிங்கம் அன்று கடை மேசையில் விட்டுப்போன சீடிப் பெட்டியைத் திறந்தான். பூட்டுக் கேம்களுக்கு நானா துண்டு வைப்பதில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பலகையில் வைத்து எழுதினான். எழுத நெடுநேரம் பிடித்தது.

“இதைப் பதிந்தது நான்தான். உங்கள் கையில் பிழை இல்லை – அஷ்பாக்.”

கீழே இன்னும் நிறைய இடம் இருந்தது. தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, அதை மெசினுக்கு மேல் வைத்தான்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தூரத்தில் முதல் வள்ளம் கரையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அஷ்பாக் நடையைக் கூட்டினான்.