வாசலில் வைத்த சொம்பு

சடையனைக் குளிப்பாட்டத் தூக்கியபோது அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். அண்ணன் கோபால்சாமி, மனைவி மங்கம்மாள், தங்கை குப்பம்மாள், பங்காளி முனியன். ஐந்தாவதாக யாரும் இல்லை. கோபால்சாமி அந்த மலையூருக்குத் தலைவர், ஊர்க்கவுண்டர். எண்ணிப் பார்த்துத்தான் சொல்வார்.

"ரங்கூன் தொரை இன்னிக்காவது வேட்டிய அவுக்க வுடுவாரா?" என்றான் முனியன். பழைய கேலிதான். ஊரே கோவணத்தோடு சாமை அறுக்கும்போதும் பதினெட்டு வருடமாகக் கணுக்கால் மறைய வேட்டி கட்டியவன் சடையன்.

உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காலையிலிருந்து பிதற்றலில் அவன் பர்மாவில் நடந்துகொண்டிருந்தான். பீகு, மாண்டலே, ஐராவதியில் நெல் மூட்டை ஏற்றிய படகு, வெறுங்காலைச் சுட்ட புத்தர் கோயில் படிகள். இளமை முழுக்கச் சுற்றிய நாடு. அங்கே பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு, கட்டிய துணியோடு கப்பலேறி வந்தவன். வந்த வருடமே அண்ணன் அவனுக்கு மங்கம்மாளைக் கட்டிவைத்தார்.

உச்சிவேளையில் கண்ணைத் திறந்தான். "அண்ணே, கடுதாசி வந்துச்சா?"

"அங்க பட்டாளத்தான் ராஜ்ஜியம்டா. ஒரு கடுதாசியும் வெளிய வுடமாட்டான்." கோபால்சாமி பதினெட்டு வருடமாகச் சொல்லிவரும் பதில்.

சடையன் சிரித்தான். "போனா போவுது. இதோ ஆளே வந்துட்டா. நடந்தே வந்திருக்கா. வழி வுடுங்க."

வாசற்படியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓரமாக நகர்ந்தது. ஆள் உயரத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்து வாலாட்டியது. சடையன் யாருக்கும் புரியாத பாஷையில் மெதுவாகப் பேசினான். நடுநடுவே நிறுத்தி, பதில் கேட்டதுபோலத் தலையசைத்தான்.

மங்கம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"இன்னா அண்ணி பண்றே?" குப்பம்மாள் பதறினாள்.

"தூரத்துலேர்ந்து வந்திருக்கா இல்ல. கால் கழுவ வேணாமா?"

பிறகு அவன் பேச்சு நின்றது. மூச்சும்.

கோபால்சாமி வெந்நீர்ப் பானையை இறக்கினார். "எல்லாரும் வெளிய போங்க. என் தம்பிய நானே குளிப்பாட்றேன்."

"ஒண்டியா எப்படிங்க புரட்டுவீங்க?"

"போன்னா போடா."

கதவைச் சாத்திவிட்டு வேட்டியை விலக்கினார். இடுப்பிலிருந்து முட்டிவரை பச்சை குத்தியிருந்தது. இரண்டு தொடையிலும் புலிகள். ஒரு புலியின் வாலுக்குக் கீழே வட்டம் வட்டமாக நான்கு பர்மா எழுத்துகள்.

அந்த மலைச் சனங்கள் உடம்பில் பச்சை படக்கூடாது. பட்டவனுக்குப் பங்காளிகளின் புதைகாட்டில் இடமில்லை. அவன் வீட்டுக்குக் கோயிலில் மரியாதையும் இல்லை. போன ஆடியில் இன்னொரு வீட்டுக்கு இந்தத் தீர்ப்பைச் சொன்னவரே கோபால்சாமிதான்.

மஞ்சளைக் குழைத்து அப்பினார். புலிகள் மறைந்தன. எழுத்துகள் மட்டும் மஞ்சளுக்கு மேலே வந்து நின்றன. மறுபடி அப்பினார். மறுபடி வந்தன. அந்த வட்டங்களை அவர் முன்பே பார்த்திருக்கிறார். மூன்று முறை, அடுப்பு வெளிச்சத்தில்.

கோடித் துணியை எடுத்துக் கால்வரை இறுகச் சுற்றினார்.

கதவைத் திறந்தபோது மூவரும் களத்து ஓரத்தில் தள்ளி நின்றிருந்தார்கள். வாசலில் இருந்த சொம்பு காலியாக இருந்தது. சுற்றியிருந்த மண் காய்ந்து கிடந்தது. நாய் மலைப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மங்கம்மாள் வந்து சொம்பை எடுத்தாள்.

"குளிப்பாட்டிட்டீங்களா மாமா?"

"ஆச்சு."

"தொடைய நல்லா மூடிட்டீங்களா?"

அவர் மஞ்சள் படிந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் சடையனைப் பங்காளிகளின் புதைகாட்டிலேயே, அப்பனுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

பர்மாவிலிருந்து சடையனுக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை என்று மலையிலும் ஒடுகத்தூர் சந்தையிலும் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. மூன்று வந்தன.