பனிக்குறளியும் பாவூர்சத்திரத்துக்காரியும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது குற்றாலத்தில், மழைக்கு ஒதுங்கிய இடத்தில். முதல் வரைவில் இதை மறைத்து, ‘உறைந்த நிலமொன்று பல வருடங்களாக என் கனவில்’ என்று ஆரம்பித்திருந்தேன். [அடித்தாயிற்று. என் கனவில் வழக்கமாக வருவது பஸ்ஸைத் தவறவிடுவதுதான்.]

சீசன் நேரம். சாரல் திடீரென்று வலுத்துவிட்டது. ஐந்தருவி போகும் வழியில் ‘ஐஸ் உலகம்’ என்று ஒரு பெரிய தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். வாசல் படத்தில் பென்குயினும் பனிக்கரடியும் தோளில் கைபோட்டு நின்றன. நனையாமல் இருக்க டிக்கெட் வாங்கினேன். வாடகைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டி உள்ளே தள்ளினார்கள். மைனஸ் ஐந்து. மூக்கு எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று.

அங்கே, பஞ்சு மாதிரிக் கிடந்த பனிக்கு நடுவே, ஆறடி உயரத்தில் பச்சை அங்கியும் கூரான ரப்பர் காதுகளுமாக ஒருவன் நின்றிருந்தான்.

“பாத்து வாங்க அண்ணாச்சி, வழுக்கும்.”

அதுதான் மந்திரமூர்த்தி. ஊர் அச்சன்புதூர். ஸ்வாதியைக் கல்யாணம் செய்து இரண்டு வருடம். சம்பளத்துக்கு எல்ஃப் வேடம், வெள்ளைக்காரக் கதைகளில் வரும் கூர்காதுக் குட்டிப் பூதம்.

2

நான் ஒரு செயலியில் தொடர்கதை எழுதுகிறவன். ராஜா ராணிக் கதைகள் சலித்துப்போயிருந்தன. உறைபனி நாட்டில் வாழும் ஓர் இனத்தைப் பற்றி எழுதலாம் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். ஆனால் எல்ஃப் என்று தமிழில் எழுதிப் பார்த்தால் எஞ்சின் ஆயில் பெயர் போல இருந்தது. ஆகவே ‘பனிக்குறளிகள்’.

இனி உடம்பு. கொஞ்சம் விஞ்ஞானம் வேண்டுமல்லவா? குளிர் தேசத்தில் நீண்ட காது வைத்திருப்பவன் பிழைக்க மாட்டான். காதின் நுனிதான் முதலில் மரத்துப் போகும். ஆகவே என் குறளிகளுக்குக் காது சின்னது, கொழுக்கட்டை மடிப்பு போல. இமைமுடி அடர்த்தி. அழக் கூடாது, அழுதால் கண்ணீர் உறைந்து இமைகள் ஒட்டிக்கொள்ளும். யாராவது மூச்சால் ஊதித்தான் திறந்துவிட வேண்டும்.

அடுத்த தடவை போனபோது மந்திரமூர்த்தியிடம் இதைச் சொன்னேன்.

“காதச் சின்னதாக்கிட்டியன்னா என் வேலை என்னத்துக்கு ஆவும்? பிள்ளைய போட்டோ எடுக்க வாரதே இந்தக் காதுக்குத்தான்.”

[வாசகரே, அவன் சொன்னது நியாயம். ஆனாலும் காதை நான் மாற்றவில்லை. எழுத்தாளனுக்கும் ஒரு பிடிவாதம் வேண்டும்.]

3

இடைவேளையில் அவன் வெளியே வந்து நடுங்கிக்கொண்டே டீ குடிப்பான். எல்லோரும் குளிருக்கு உள்ளே நடுங்குவார்கள். அவனுக்கு வெளியே வந்த பிறகுதான் நடுக்கம் ஆரம்பிக்கும். இதை அப்படியே கதையில் போட்டுக்கொண்டேன். மற்றவற்றையும் போட்டுக்கொண்டேன். அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

அவன் வீட்டில் அப்பா போலீஸ், அண்ணன் போலீஸ், சித்தப்பா போலீஸ். இவன் ஒவ்வொரு தேர்வுக்கும் போவான். ஓட்டத்தில் முதலில் வருவான். கயிறு ஏறும்போது பாதியில் கை விட்டுவிடும். கடைசித் தடவையும் விட்டது. வயது வரம்பும் முடிந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் செங்கோட்டையில் ரயில் ஏறிக் கொல்லம் வரை போய், அதே பெட்டியில் அழுதுகொண்டே திரும்பி வந்திருக்கிறான்.

“ஸ்வாதிகிட்ட என்ன சொன்ன?”

“ரிசல்ட் இன்னும் வரலன்னு சொல்லி வச்சிருக்கேன். அவளும் நம்பிட்டு இருக்கா.”

இதைக் கேட்டதும் ஒரு நல்ல மனிதன் என்ன செய்வான்? ஆறுதல் சொல்வான். நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்து மூன்றாம் அத்தியாயம் எழுதினேன். பனிக்கோட்டையின் காவல்படைத் தேர்வில் என் நாயகன் கயிறு ஏற முடியாமல் விழுகிறான். [கயிற்றைப் பனிக்கயிறாக மாற்றினேன். இதற்குப் பெயர் கற்பனை.] வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு பனிச்சறுக்கு வண்டியில் தேசத்தின் எல்லைவரை போகிறான். அங்கே நீலச்சி என்கிற குறளிப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறான். இமைகள் ஒட்டிக்கொள்கின்றன. அவள் ஊதித் திறந்துவிடுகிறாள்.

இதயக் குறிகள் குவிந்தன. பின்னூட்டமெல்லாம் நீலச்சி, நீலச்சி என்றே வந்தது.

4

மந்திரமூர்த்தி ஒரு காலையில் என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். அவசரத்தில் காதுகளைக் கழற்றாமலே வந்திருந்தான். எதிர்வீட்டு நாய் குரைப்பதா ஓடுவதா என்று தெரியாமல் நின்றது.

“அண்ணாச்சி, ஸ்வாதி பாவூர்சத்திரம் போயிட்டா. அவ அப்பா வீட்டுக்கு. உங்க கதையப் படிச்சிருக்கா.”

“அதுல உன் பேரே இல்லையேப்பா.”

“கயிறு இருக்குல்லா.”

நான் அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“போனையும் எடுக்க மாட்டேங்கா. நீங்கதான் மாத்தி எழுதணும்.”

உட்கார்ந்து யோசித்தோம். எனக்குத் தோன்றிய முடிவுகள்:

அவன் மறுபடி கயிறு ஏறி ஜெயிக்கிறான். (“பொய்யில பொய் சேக்காதிய,” என்றான்.)

நீலச்சி பனிப்பிளவில் விழுந்து செத்துப்போகிறாள். (“பாவம், அவ என்ன செஞ்சா?” என்றான். எனக்கே அவன்மீது லேசாகச் சந்தேகம் வந்தது.)

எல்லாமே கனவு என்று ஆக்கிவிட்டு நாயகன் கண்விழிக்கிறா

[இந்த வாக்கியத்தை முடிக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.]

“நீயே நேர்ல போய்ச் சொல்லேன்.”

“என்னன்னு சொல்லுவேன்? சொல்லத் தெரிஞ்சிருந்தா முதல்லயே சொல்லிருக்க மாட்டனா?”

அவன் முகம் வேடிக்கைக்கு இடம் தருவதாக இல்லை. அந்தக் காதுகளோடு பார்க்கும்போது அது இன்னும் மோசமாக இருந்தது. நான் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

5

ஸ்வாதியின் அப்பாவுக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை. நான் போனபோது அவள் சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் அவளுக்காக ஒரு வசனம் தயாரித்து வைத்திருந்தேன்: ‘அந்த நீலச்சி யார்?’ என்று அவள் கேட்பாள். நான் சிரித்துக்கொண்டே, ‘அவள் வெறும் கற்பனையம்மா’ என்பேன். விஷயம் முடிந்துவிடும்.

அவள் அதைக் கேட்கவேயில்லை.

“அந்த ஐஸ்காரி மேல எனக்கென்ன கோவம்? நல்ல பிள்ளையாத்தான் இருக்கா,” என்றாள். “ரிசல்ட் வரும் வரும்னு நான் தெனமும் காத்துக் கெடந்தேன். யூனிபார்ம் தைக்க தென்காசில எந்தக் கடை நல்லாருக்கும்னு விசாரிச்சு வச்சேன். அவிய என்னடான்னா எங்கயோ எல்லை வரைக்கும் போயி அழுதிருக்காவ. அத நான் போன்ல, கதைல படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா?”

“போலீஸ் ஆகலைன்னு…”

“ஆகலன்னா போகுது. கட்டும்போது என்ன போலீஸாவா இருந்தாவ? எங்கிட்ட சொல்லாதத அந்த ஐஸ்காரிகிட்ட சொல்லுதாவல்லா, அதுதான்.”

“அவகிட்ட எங்க சொன்னான்மா? என்கிட்டதான் சொன்னான். டீக்கடையில.”

அவள் கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். வழுக்கையிலிருந்து தொப்பைவரை பார்த்தாள்.

“அப்ப ஐஸ்காரி நீங்கதானா?”

“ஒரு வகையில…”

“கண்ணுல ஊதினதும் நீங்கதானா?”

பக்கத்து மூட்டையில் சாய்ந்திருந்த லோடுமேன் எழுந்து தூரமாகப் போனார். ஸ்வாதி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அது வெங்காயத்தால்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல வரி ஒன்று கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

“அவிய அங்கன எத்தன மணிக்கு நிப்பாவ?” என்றாள்.

6

ஞாயிற்றுக்கிழமை. ஐஸ் உலகத்தின் வாசலில் கூட்டம். மேனேஜர் பென்னி செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து ஆள், மலையாளி. ஸ்வாதி வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாள். கோட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சேலையோடு உள்ளே போகக் கூடாது என்றார் பென்னி.

“உள்ள நிக்கது என் வீட்டுக்காரரு,” என்றாள்.

பென்னி கோட்டை அவள் தோளில் போட்டுவிட்டு வழியை விட்டார். “எல்ஃபிண்டெ பார்யயா? சரி சரி, போ மோளே.”

கதவு திறந்தது. வெள்ளைப் புகைக்கு நடுவே மந்திரமூர்த்தி திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. வழக்கம்போல “பாத்து வாங்க, வழுக்கும்” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். கதவு மூடிக்கொண்டது.

நான் வெளியே.

[இங்கே ஒரு கதாசிரியன் சுவரைத் தாண்டி உள்ளே போகலாம். சாதாரணமாக நாங்கள் எல்லோரும் போவோம். டிக்கெட்கூட வாங்க மாட்டோம்.]

உள்ளே இருந்தவர்கள் நேரம் முடிந்து வெளியே வந்தார்கள். ‘எல்ஃப் எங்களோட போட்டோ எடுக்கவே இல்லை’ என்று ஒரு குடும்பம் பென்னியிடம் சண்டை போட்டது. பென்னி அடுத்த கூட்டத்தை உள்ளே விடாமல் கதவை மறித்துக்கொண்டு, மிஷின் ரிப்பேர் என்று எல்லோரிடமும் பொய் சொன்னார்.

கடைசியில் அவர்கள் வந்தார்கள். மந்திரமூர்த்திக்கு ஒரு காதுதான் இருந்தது. ஸ்வாதியின் மூக்கு சிவந்திருந்தது. அவன் வழக்கம்போல நடுங்க ஆரம்பித்தான். அவள் தன் கோட்டைக் கழற்றி அவன்மீது போட்டு, டீக்கடைப் பக்கம் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“என்னம்மா, உள்ள என்ன சொன்னான்?”

“அதெல்லாம் கேக்காதிய அண்ணாச்சி. கேட்டா எழுதிருவிய.”

நான் மந்திரமூர்த்தியைப் பார்த்தேன். எத்தனை டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அன்று சாயங்காலம் இருவரும் ஒரே பைக்கில் அச்சன்புதூர் போனதாகப் பென்னி சொன்னார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

7

உள்ளே நடந்த பேச்சை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் அவன் அழகாகப் பேசினான். அதனாலேயே நான்கும் பொய் என்று தெரிந்தது. அழித்துவிட்டேன்.

நீலச்சி தன் பாட்டுக்குப் பனிநாட்டின் எல்லையில் நிற்கிறாள். வாசகர்கள் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இடத்தை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

கதவு மூடிய பிறகு மந்திரமூர்த்தி ஸ்வாதியிடம் சொன்னது: [                    ]

உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்வாதி எல்லாவற்றையும் படிக்கிறாள்.