கூலிக்கு வந்தவள்

வேலூர் வக்கீல் பஞ்சாட்சரம் கெட்ட மனிதரில்லை. தீர்த்தகிரிக்கும் செல்லிக்கும் டீ வரவழைத்துக் கொடுத்து, மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்துத்தான் பேச்சை எடுத்தார்.

"நெசத்தச் சொல்லி இந்தக் கேஸ்ல ஜெயிக்க முடியாதுங்க. மண்டிக்காரரு உங்க பேர்ல வியாபாரம் பண்ணிட்டாரு, சரி. கையெழுத்து உங்களுதாச்சே."

தீர்த்தகிரி தலையைக் குனிந்துகொண்டார். ஜமுனாமரத்தூருக்கு மேலே உள்ள ஊர் அவருடையது. சொந்த மரத்துப் புளியையும், அக்கம்பக்கத்தார் புளியையும் சேர்த்துப் போளூர் மண்டிக்கு ஏற்றுவார். மண்டிக்காரர் ராஜாக்கண்ணு நீட்டிய தாளிலெல்லாம் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஆள் தன் வியாபாரத்தில் பாதியை இவர் பெயரில் காட்டிவிட்டான். வருமானத்தை மறைத்ததாக வருமான வரி ஆபீஸ் வரியும் போட்டது, அதற்கு மேல் அபராதமும் போட்டது. மலையில் உள்ள மரம் அத்தனையையும் உலுக்கி விற்றாலும் தீராத அபராதம்.

விசாரணைக்கு வரச் சொல்லி முதலில் ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. மலையேறி வந்த ஆபீஸ் ஆள், தீர்த்தகிரி கண்ணமங்கலம் போயிருந்ததால், அதைச் செல்லியிடம் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனான். அவர் வந்ததும் செல்லி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை ராஜாக்கண்ணுவிடம் கொண்டுபோய்க் காட்டினார். "இதெல்லாம் சும்மா அனுப்புவானுங்க. நான் பாத்துக்கறேன், நீ போ" என்றான் அவன். பார்க்கவில்லை.

"ஒரே ஒரு வழி இருக்குது" என்றார் வக்கீல். "அபராதம் போடறதுக்கு முன்னால உங்கள விசாரிச்சிருக்கணும். அதுக்கு நோட்டீஸ உங்க கையில குடுக்கணும், இல்லன்னா கூட இருக்கிற குடும்பத்து ஆளுங்க கையில குடுக்கணும். வூட்டு வேலைக்கு வந்தவங்க கையில குடுத்தா செல்லாது." செல்லியைப் பார்த்தவர், உடனே டீ கிளாஸைப் பார்த்தார். "தாலி கட்டலன்னு சொன்னீங்க இல்ல?"

கட்டவில்லைதான். செல்லி அடிவாரத்திலிருந்து புளி கொட்டை எடுக்க வந்த விதவை. அந்த வருஷம்தான் தீர்த்தகிரியின் மனைவி பாஞ்சாலி செத்துப்போயிருந்தாள். அவள் விட்டுப்போன, பால்குடி மறக்காத மகள் அம்சவல்லி அழுதுகொண்டே கிடந்தது. செல்லி தூக்கி இடுப்பில் வைத்தாள், பிறகு இறங்கிப்போகவில்லை. ஊரில் யாரும் தப்பாகப் பேசவில்லை. அம்சவல்லி அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டது.

பஸ் ஸ்டாண்டில் தீர்த்தகிரி சொன்னார்: "வேணாம்மே. நெலம் போனா போவட்டும்."

"நெலமும் போய்ட்டா அம்சவல்லிக்கு இன்னாயா இருக்குது? அத எவன் கட்டுவான்?" என்றாள் செல்லி. "வாயால சொல்றதுதான? சொல்லிட்டு வந்துடறேன்."

அவர் பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனார்.

விசாரணை நாளன்று ஊர்ச் சாட்சியாக, பாஞ்சாலியின் அண்ணன் அருணகிரியையும் அழைத்துப்போனார்கள். அப்பீல் அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட, மெல்லப் பேசுகிற மனிதர். செல்லி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்மா?"

"ஒண்ணும் வேணாங்க. கூலிக்கு வந்தவ."

"வாங்கின பேப்பரை என்ன பண்ணீங்க?"

"அடுப்பு மேல சொருகி வெச்சேங்க. எரிஞ்சி போச்சி. அவருகிட்ட சொல்லல." வக்கீல் சொல்லிக்கொடுத்தபடியே சொல்லிவிட்டாள்.

அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார். "கூலி என்ன தர்றாரு?"

இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செல்லி திரும்பித் தீர்த்தகிரியைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து கூலி என்று அவள் எதுவும் வாங்கியதில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஒரு தொகையும் வாயில் வரமாட்டேன் என்றது.

"சோறு போடுவாங்க" என்றாள். "பண்டிகைக்குப் பொடவ."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

அபராதம் ரத்தானது. ஆனால் வரி அப்படியே நின்றது. அதை எதிர்த்து மனுப் போடும் கெடு எப்போதோ முடிந்திருந்தது. வரிக்காக எருதுகளையும் கீழ்க்காட்டையும் விற்றார்கள். அத்தோடும் விடவில்லை. ஆபீஸ்காரர்கள் அபராதத்துக்காக மெட்ராஸுக்கு மேல் அப்பீல் போயிருப்பதாகப் பஞ்சாட்சரம் கார்டு எழுதினார். தீர்ப்பு வரும்வரை ஊரில் வார்த்தையை அளந்து பேசுங்கள் என்றும் எழுதியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அம்சவல்லிக்கு மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்தன்று காலையில், பெண்ணுக்குத் தாய் நின்று எண்ணெய் வைத்து நலங்கிட வேண்டும். செல்லி மஞ்சள் தட்டோடு வந்தாள்.

அருணகிரி கையை நீட்டித் தடுத்தார். "இரு இரு. என் தங்கச்சி எடத்துல என் பொண்டாட்டி நிப்பா."

"நான் வளத்த பொண்ணுங்க அது."

"கூலிக்கு வந்தவன்னு அதிகாரி முன்னால நீதான சொன்ன? நான் அங்க நின்னுனுதான இருந்தேன்?"

எல்லாரும் தீர்த்தகிரியைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். அவள் என் பெண்டாட்டி என்று இத்தனை பேர் முன்னால் சொன்னால், நாளைக்கு இதே அருணகிரி எங்கே போய் என்ன சொல்வாரோ. மீதி இருக்கும் காடும் போகும். அதை நம்பித்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"அம்மா" என்றாள் மணையில் இருந்த அம்சவல்லி. யாரோ அவள் தலையைக் குனிய வைத்து எண்ணெயைத் தடவினார்கள்.

செல்லி தட்டை அருணகிரியின் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். பெரிய அண்டாவில் சாமைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. துடுப்பை எடுத்துக் கிளறத் தொடங்கினாள்.

சற்று நேரத்தில் தீர்த்தகிரி வந்து அடுப்புக்கு எதிரே நின்றார். புது வேட்டியில் சாம்பல் பறந்து விழுந்தது. "செல்லி..." என்றார்.

அவள் நிமிராமலே சொன்னாள்: "பொகையில நிக்காதயா. மாப்ள வூட்டுக்காரங்களுக்குத் தண்ணி குடுத்தாங்களான்னு போய்ப் பாரு."

அவர் போனார்.